நடைபாதையில் வாழும் குடும்பங்கள்: மாநகராட்சியிடம் புகார் அளித்தால் என்ன நடக்கும்?

கேள்வி – பிராட்வேவாசி

வணக்கம். சென்னை பிராட்வேயை ஒட்டிய எங்கள் தெருவின் நடைபாதையில் சில குடும்பங்கள் தலைமுறையாகக் குடியிருக்கின்றன. காலையில் தார்ப்பாயைச் சுருட்டி, பாத்திரங்களை மூட்டையாகக் கட்டிச் சுவரோரம் வைத்துவிட்டு, மீன் விற்கவும் மூட்டை தூக்கவும் போகிறார்கள். கடைகள் அடைத்த பிறகு வந்து அடுப்பு மூட்டுகிறார்கள். எங்கள் குடியிருப்போர் சங்கம் மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் அளிக்கத் தீர்மானித்துள்ளது. அவர்களுக்கு வீடற்றோர் காப்பகத்தில் இடம் கிடைக்குமென்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. வண்டி வந்து பொருள்களை அள்ளிப் போவதோடு முடிந்துவிடும் என்றால் கையெழுத்திட மனம் ஒப்பவில்லை. குடும்பத்தோடு காப்பகத்தில் சேர முடியுமா, காவல்துறையின் பங்கு என்ன என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1 – காப்பகப் பணியில் இருந்தவர்

குடும்பத்தோடு சேர முடியுமா என்று கேட்டீர்களே, சிக்கல் அங்கேதான் இருக்கிறது. உணவு உரிமை வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றம், பெருநகரங்களில் ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு காப்பகம் வீதம், ஆண்டு முழுவதும் 24 மணி நேரமும் இயங்கும்படி அமைக்க ஆணையிட்டது. அடுத்து 2013-ல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் ஒருவருக்கு 50 சதுர அடி என்று அளவையும் வகுத்தது. சென்னையில் காப்பகங்கள் மாநகராட்சியின் பொறுப்பில் இருக்க, அன்றாட நிர்வாகத்தைத் தொண்டு நிறுவனங்கள் பார்க்கின்றன. ஆண்கள், பெண்கள், சிறுவர், முதியோர், மனநலப் பாதிப்புள்ளோர், அரசு மருத்துவமனை நோயாளிகளுக்குத் துணையாக வந்தோர் எனப் பெரும்பாலும் தனித்தனியாகவே அவை அமைந்துள்ளன. வீட்டைவிட்டு வந்த ஒரு முதியவருக்கு இந்த ஏற்பாடு உண்மையிலேயே உதவுகிறது. ஆனால் கணவன் ஓரிடம், மனைவி ஓரிடம், வளர்ந்த மகன் வேறோரிடம் என்று பிரிந்து போக எந்தக் குடும்பம் சம்மதிக்கும்?

இரவில் களத்துக்குப் போய்ப் பேசும்போது, மீன் விற்கும் ஓர் அம்மா என்னிடம், "ராத்திரி ரெண்டு மணிக்குக் காசிமேடு போகணும், உங்க கேட்டை அப்பத் திறப்பீங்களா தம்பி?" என்று கேட்டார். எங்கள் காப்பகத்தின் விதிகளில் அதற்கு இடம் இல்லை. அவர் வர மறுத்துவிட்டதாகத்தான் பதிவேட்டில் எழுதினோம்.

பதில் 2 – வழக்கறிஞர்

காவல்துறையைப் பற்றிக் கேட்டதற்கு மட்டும் சொல்கிறேன். தமிழ்நாட்டில் 1945-ம் ஆண்டின் பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அதன்கீழ் பிடிபடுவோரை வைக்க மேல்பாக்கத்தில் அரசு முகாமும் உண்டு. ஆயினும் டெல்லி உயர் நீதிமன்றம் 2018-ல் அங்கே நடைமுறையில் இருந்த இதே வகைச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் செல்லாது என்று அறிவித்ததையும், பிச்சையெடுப்பதைத் தடை செய்ய உச்ச நீதிமன்றம் 2021-ல் மறுத்ததையும் நினைவில் கொள்ள வேண்டும். எப்படியும், உழைத்துச் சம்பாதிக்கும் உங்கள் தெருக் குடும்பங்களுக்கு இச்சட்டம் பொருந்தாது. சென்னைக் காவல்துறை 2021-ல் தொடங்கிய 'காவல் கரங்கள்' கைவிடப்பட்டோரை மீட்டு இல்லங்களில் சேர்ப்பதற்கானது. தன்னைப் பேண இயலாத மனநலப் பாதிப்புடன் அலைபவரைக் கண்டால் 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுசெல்வது 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி காவல்துறையின் கடமை. அவரை லாக்கப்பில் வைக்கக் கூடாது.

அகற்றுவதைப் பொறுத்தவரை, 1981 ஜூலையில் பம்பாயில் நடைபாதைவாசிகளை ஊருக்கே திருப்பி அனுப்ப மகாராஷ்டிர அரசு முனைந்ததிலிருந்து தொடங்க வேண்டும். வறட்சியால் பிழைப்பிழந்து 1961-ல் அங்கே போயிருந்த ஒரு தமிழ்த் தொழிலாளியைக் குடும்பத்தோடு அப்புறப்படுத்தினார்கள். சேலத்துக்கு வந்தவர் வேலை கிடைக்காமல் மறுபடி பம்பாய் நடைபாதைக்கே போனார். அவரும் மனுதாரராக இருந்த வழக்கில்தான், வாழ்வாதாரமும் உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்று 1985-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. பலரும் மறந்துவிடுவது, அதே தீர்ப்பு நடைபாதையை நிரந்தரமாக ஆக்கிரமிக்கும் உரிமையைத் தரவில்லை என்பதை. முன்னறிவிப்போடு அகற்றலாம் என்றே அது கூறியது.

பதில் 3 – குடியிருப்போர் சங்க உறுப்பினர்

எல்லாம் சரி, எங்கள் பக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும். நடைபாதை இல்லாததால் பேருந்துகளுக்கு நடுவே சாலையில் இறங்கி நடக்கும் முதியவர்களுக்கும் உயிர்வாழும் உரிமை உண்டு அல்லவா? இப்படிப்பட்ட குடும்பங்களுக்குப் பெரும்பாக்கத்தில் அரசு அடுக்குமாடி வீடு கொடுத்தும் சிலர் திரும்பி வந்துவிடுகிறார்களே, அதற்கு மாநகராட்சி என்ன செய்யும்?

பதில் 4 – காப்பகப் பணியில் இருந்தவர்

நடைபாதை நடப்பதற்குத்தான் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் பிராட்வேக்கும் பெரும்பாக்கத்துக்கும் இடையே சுமார் 25 கிலோமீட்டர் தொலைவு. மகளிருக்குச் சாதாரணப் பேருந்தில் கட்டணமில்லை என்றாலும், மீன் ஏலத்துக்குப் போகும் நேரத்தில் அந்தப் பேருந்து ஓடுவதில்லை. இப்படித் திரும்பி வந்த ஒரு குடும்பத்தை, ஏற்கெனவே வீடு பெற்ற 'பயனாளி' என்று வீடற்றோர் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டால், அதற்குப் பிறகு கேட்பாரில்லாமல் போய்விடுகிறது.

கேள்வி கேட்டவருக்கு ஒரு யோசனை. 1913-ல் 'ஆக்கிரமிப்பு' என்று புகார் பதிந்தால் அதை அகற்றுவதற்கான புகாராகவே எடுத்துக்கொள்வார்கள். அதற்குப் பதிலாக, மண்டல அலுவலருக்கு எழுத்துமூலம் மனு கொடுங்கள். ஒவ்வொரு குடும்பத்தின் தொழிலையும் பிள்ளைகளின் பள்ளியையும் குறித்து இரவில் கணக்கெடுக்கவும், அந்தப் பட்டியலை நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்துக்கு அனுப்பி அருகிலேயே மாற்றிடம் கேட்கவும், அதுவரை பொருள்களை அள்ளாமலிருக்கவும் அதில் கோருங்கள். தனியாக இருக்கும் முதியவரோ மனநலம் பாதித்தவரோ அந்தத் தெருவில் இருந்தால், அவரைக் குடும்பங்களோடு சேர்க்காமல் வேறொரு மனுவில் எழுதுங்கள். அவருக்குக் காப்பகத்தில் இடம் கிடைக்க அதிக நாள் ஆகாது. சங்கத்தின் கையெழுத்துகளோடு அந்தக் குடும்பங்களின் கையெழுத்தும் மனுவில் இருப்பது நல்லது.