இரண்டு கண்ணாடிக்கு நடுவில் புகார்: உங்கள் வீட்டிலும் நடந்ததா?

கல்லடியான்

மாரி முடிந்து மூன்று மாதமாகிறது. இன்னும் மனதை அரித்துக்கொண்டிருப்பதால் எழுதுகிறேன். அக்கா லண்டனிலிருந்து கொள்கலனில் அனுப்பிய யன்னல்கள். வெள்ளை பிளாஸ்டிக் பிரேம், இரட்டைக் கண்ணாடி, உங்களுக்குத் தெரியும்தானே. "கடற்கரை வீடு, இரும்பு நிக்காது, இது நிக்கும்" என்று அவ சொன்னது பிழையில்லை. பிரேம் இன்றைக்கும் புதுசுதான்.

கார்த்திகை அடைமழைக்குள் ஒரு விடியற்காலை எழும்பி வருகிறேன், அம்மா முன்னறை யன்னலடியில் நின்று சீலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறா. உள்பக்கம் துடைத்தா. குடையைப் பிடித்துக்கொண்டு வெளியே போய் அங்கேயும் துடைத்தா. மறுகா உள்ளே வந்து கிட்டப் பார்த்து, தள்ளி நின்று பார்த்து, "என்ன மனே, துடைக்கத் துடைக்கப் போகுதில்ல, எனக்குக் கண் திரும்பவும் மங்கிட்டுதோ?" என்றா. கண் ஒப்பரேஷன் செய்து ஒரு வருஷம் ஆகாத மனுசி.

புகார், அந்த ஈர மூட்டம், இரண்டு கண்ணாடிக்கும் இடையில் இருந்தது. எந்தக் கை போய் அதைத் துடைப்பது?

அலுமினியம் வேலை செய்கிற தம்பி ஒருவரைக் கூட்டிவந்தேன். அவர் கண்ணாடியைப் பிடித்திருக்கிற உள்பக்கப் பட்டியைக் கழற்றி, கண்ணாடியை வெளியே எடுத்ததும் பிரேமின் அடியிலிருந்து ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவு தண்ணீர் கொட்டியது. செத்த எறும்புகளும் சேர்த்து. "அண்ணன், தண்ணி வடியிற ஓட்டையெல்லாம் ஆரோ அடைச்சிருக்காங்க" என்றார்.

ஆரோ இல்லை, நான்தான். போன சித்திரையில் அந்த ஓட்டைகளில் குளவி மண் வைக்கிறது என்று ஒரு குழாய் சிலிக்கோன் வாங்கி எட்டு யன்னலுக்கும் அடைத்தேன். வடிவாக, விரலால் தடவி. மழைத்தண்ணீர் போக வழியில்லாமல் கண்ணாடியின் விளிம்பு மாதக்கணக்கில் ஊறி, ஒட்டு விட்டுவிட்டது. அக்காவிடம் "சாமான் பிழை போல" என்று சொல்லிவிட்டேன். அவ அந்தக் கடைக்காரனைத் திட்டிக்கொண்டிருக்கிறா. உங்களுக்கு இப்படி ஏதும் நடந்ததா?

திருக்கோவிலான், இப்போது லண்டனில்

எனக்கு யன்னல் இல்லை, கதவு. தை மாதம், இரவு வேலை முடிந்து விடிய ஐந்து மணிக்கு வாசலில் நிற்கிறேன். திறப்பு உள்ளே போகிறது, திரும்பவில்லை. மனுசி உள்பக்கமாக முயன்றும் சரிவரவில்லை. இந்தக் கதவுகளில் பூட்டு ஓரிடத்தில் இல்லை, மேலே, நடுவே, கீழே என்று கொளுக்கிகள் போய்ப் பிரேமுக்குள் மாட்டும். நான் குளிரில் நடுங்கிக்கொண்டு நிற்க, நாலு வயசு மகன் கடிதம் போடுகிற வாயால் ஒரு பிஸ்கட்டை நீட்டி "அப்பா, சாப்பிடுங்க" என்றான். அந்தச் சின்ன விரல்தான் இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது.

பூட்டுக்காரன் வந்தான். பூட்டைத் தொடவேயில்லை. கதவின் அடியில் ஒரு ஆப்பைக் கொடுத்துக் கொஞ்சம் உயர்த்தினான், திறப்பு தானாகத் திரும்பியது. ஐந்து நிமிஷம்கூட இல்லை, 120 பவுண்.

போகும்போது ஒன்று சொன்னான். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கைப்பிடியை உயர்த்தித் திறப்பைத் திருப்பிப் பார். சுலபமாகத் திரும்பினால் பூட்டில் பிழையில்லை, கதவு இறங்கியிருக்கிறது. பிணைச்சலில் உள்ள ஆறுபட்டை ஆணியைத் திருகி உயர்த்தினால் போதும். நான் இரண்டு மாதமாகக் கைப்பிடியைப் பலவந்தமாக இழுத்துத்தான் பூட்டிக்கொண்டிருந்தேன். கதவு அவ்வளவு நாளும் சொல்லித்தான் பார்த்திருக்கிறது.

வாவிக்கரை

கல்லடியான் கோபிக்க வேண்டாம். மட்டக்களப்பில் இரட்டைக் கண்ணாடி எதற்கு? அது குளிர்நாட்டுக்காரன் வீட்டுச் சூட்டை வெளியே விடாமல் வைக்கக் கண்டுபிடித்த சாமான். நமக்கு ஆனி ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது யன்னலைத் திறந்தால் அனல், மூடினால் அவியல். தாழ்வாரத்தை மூன்று அடி இறக்கிக் கட்டினால் கண்ணாடியில் வெயில் அவ்வளவாகப் படாது. 1978 நவம்பர் 23 சூறாவளியில் எங்கள் அப்பப்பாவின் வீட்டு ஓடெல்லாம் பறந்தது, மரயன்னல் மட்டும் அசையவில்லை. அந்த யன்னலில்தான் நான் இன்றைக்கும் கை வைத்து வாவியைப் பார்க்கிறேன். புகார் பிடித்தால் துணியால் துடைக்கிறேன், போய்விடுகிறது.

மருதமுனை ராத்தா

வாவிக்கரைத் தம்பி, எல்லாருக்கும் அப்பப்பா யன்னல் விட்டுப்போகவில்லை. இப்போது நல்ல மரத்தின் விலை தெரியுமா?

எங்கள் வீட்டில் இழுத்து மூடுகிற அலுமினியக் கதவு. நோன்புப் பெருநாள் அன்று, வீடு நிறைய ஆட்கள். கதவு பாதியில் இறுகி நின்றுவிட்டது. இவர் "நான் பார்க்கிறன்" என்று ஓங்கி ஒரு இழுவை இழுத்தார். கீழ்ச் சில்லு தண்டவாளத்தை விட்டு ஏறி, முழுப் பலகையும் கண்ணாடியோடு இவரின் தோளில் சாய்ந்தது. விட்டால் உடையும், பிடித்தால் அசைய முடியாது. புதுச் சாரம், புதுச் சேர்ட்டோடு மனுசன் கதவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்க, வந்தவர்களெல்லாம் அவரைத் தாண்டிப் போய் வட்டிலப்பம் சாப்பிட்டார்கள். ஒருவர் அப்படியே அவருக்குப் பெருநாள் சலாமும் சொல்லிவிட்டுப் போனார்!

பிறகு பார்த்தால் தண்டவாளம் முழுக்கக் கடல்மண். சில்லில் தலைமயிர் சுற்றி உருளாமல் நின்றிருக்கிறது. அவ்வளவுதான்.

கண்ணாடித் தம்பி, அக்கரைப்பற்று

நான் இந்த வேலை செய்கிறவன். என் அனுபவம் சின்னது: ஒரு வீட்டில் கண்ணாடியைத் தலைகீழாகப் போட்டுவிட்டு வந்தேன், வீட்டுக்காரர் ஆறு மாதம் கழித்துத்தான் கண்டுபிடித்தார். அதை விடுங்கள். மேலே எழுதியவர்களுக்குச் சில விஷயம் சொல்ல வேண்டும்.

கல்லடியான், உங்கள் பிரேமுக்கு ஒன்றுமில்லை, முழு யன்னலையும் மாற்றச் சொல்கிறவனை நம்பாதீர்கள். கண்ணாடிச் சோடியை மட்டும் மாற்றினால் போதும். அகலம், உயரம், மொத்தத் தடிப்பு மூன்றையும் அளந்துகொள்ளுங்கள். 4 மில்லிமீற்றர் கண்ணாடி, 16 இடைவெளி, மறுபடி 4 என்றால் 24. இடையில் ஓரம் முழுக்க ஓடுகிற அலுமினியக் குழாய்க்குள் ஈரம் உறிஞ்சுகிற மணிகள் இருக்கும். புதுச் சப்பாத்துப் பெட்டிக்குள் ஒரு சின்னப் பை கிடக்குமே, அந்த ரகம். ஒட்டு விட்டதும் ஈரக்காற்று உள்ளே போகும், மணிகள் உறிஞ்சி உறிஞ்சி நிரம்பிவிடும். அதற்குப் பிறகுதான் புகார் கண்ணுக்குத் தெரியும். சிலர் கண்ணாடியில் துளை போட்டுக் காயவைத்துத் தருவதாகச் சொல்வார்கள். அடுத்த மாரிக்குத் திரும்பவும் புகார் வரும்.

பட்டி கழற்றும்போது நீளமானதில் தொடங்குங்கள், நடுவில் தட்டையான உளியைக் கொடுத்து நெம்புங்கள், மூலையில் தொடங்கினால் பட்டி முறியும். புதுக் கண்ணாடியை வெறும் பிரேமில் இருத்த வேண்டாம், அடியில் சின்னப் பிளாஸ்டிக் துண்டுகள் வையுங்கள், விளிம்பு தண்ணீரில் படாது. வினாகிரி மணக்கிற சிலிக்கோனை இந்தக் கண்ணாடிக்குக் கிட்டவும் கொண்டுபோக வேண்டாம், விளிம்பு ஒட்டை அது கெடுக்கும். வடிகால் ஓட்டை எப்போதும் திறந்திருக்க வேண்டும். குளவி வந்தால் மெல்லிய கம்பியால் குத்தி எடுங்கள். ஒரு கோப்பைத் தண்ணீரைப் பிரேமின் உள்பள்ளத்தில் ஊற்றிப் பாருங்கள், வெளியே வடிந்தால் சரி.

ராத்தா, பலகையின் கீழ் ஓரத்தில் ஒரு சின்னத் துளை இருக்கும். அதற்குள் உள்ள ஆணியைத் திருகினால் சில்லு ஏறும் இறங்கும். முதலில் தண்டவாளத்தைப் பழைய பல்தூரிகையால் தேயுங்கள். கிறீஸ் பூசவே வேண்டாம், மண் அதில் ஒட்டிச் சீமெந்தாகிவிடும். பூட்டுத் துளைக்குள் தேங்காய் எண்ணெய் விடுகிறவர்களும் இருக்கிறார்கள். பென்சில் கரியைச் சீவித் திறப்பில் தடவிப் போடுங்கள், போதும். ஆணி மாற்றினால் துருப்பிடிக்காத உருக்கு வாங்குங்கள், கடற்கரையில் சாதாரண ஆணி அலுமினியத்தையும் சேர்த்துத் தின்னும்.

வாவிக்கரை ஐயா சொன்ன தாழ்வாரம் நல்ல விஷயம்தான். ஆனால் ஏசி போட்ட அறையில் வெளிச்சூடு உள்ளே வராமல் தடுப்பதும் இதே கண்ணாடிதான். விடிய எழும்பிப் பாருங்கள், ஒற்றைக் கண்ணாடி யன்னலில் வெளிப்பக்கம் தண்ணீர் வழியும். அது பழுதில்லை, உள்ளே குளிர், வெளியே ஈரக்காற்று. அதற்கு என்னைக் கூப்பிட்டு வரவுக்காசு தர வேண்டாம்.

வாவிக்கரை

என் வீட்டில் ஏசி இல்லை என்று நான் எங்கே சொன்னேன்? தலைகீழாகப் போட்ட கண்ணாடியின் கதையை முழுசாகச் சொல்லும் தம்பி.

கல்லடியான்

தம்பிக்கு நன்றி. நேற்று ஒரு மழை இல்லாத நாள், பழைய சவரத் தகடும் கம்பியும் எடுத்துக்கொண்டு சிலிக்கோனை ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுத்தேன். எட்டில் ஐந்து யன்னல் முடிந்தது. ஆறாவதில் இருக்கும்போது அம்மா தேத்தண்ணியோடு வந்து பக்கத்தில் நின்றா. என் கையில் இருந்த வெள்ளைப் புழு மாதிரியான துண்டை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தா. என் விரல் ரேகை அதில் அப்படியே பதிந்திருந்தது.

"இதை ஆர் மனே அடைச்சது?" என்றா.

மேசன் என்றேன்.

மருதமுனை ராத்தா

மேசன் பாவம்.

திருக்கோவிலான், இப்போது லண்டனில்

அந்தக் கடைக்காரனும்.