மறு: படகு என்ஜின் கையேடு – ‘ஃப்ளடிங்’ என்பதற்கு ஒரு சொல் போதாது

அன்புள்ள குழு நண்பர்களுக்கு வணக்கம்.

நாம் தமிழில் தயாரிக்கும் படகு என்ஜின் கையேட்டில், பழைய என்ஜின்கள் எளிதில் ஸ்டார்ட் ஆகாமல் தொல்லை கொடுப்பதைப் பற்றிய இயலுக்காக முன்வைக்கப்பட்டிருக்கும் சொற்பட்டியலில், பெட்ரோல் அளவுக்கு மீறிச் சேர்வதைக் குறிக்கும் ‘ஃப்ளடிங்’ என்பதற்கு நேராக ‘வெள்ளமடைதல்’ என்று இருக்கிறது. அதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த ஒரே ஆங்கிலச் சொல்லுக்குள் இரண்டு வெவ்வேறு கோளாறுகள் அடங்கியிருக்கின்றன. ஒன்றுக்குச் செய்யும் பரிகாரம் மற்றொன்றைத் தீர்க்காது.

முதலாவது, பெட்ரோலைக் காற்றுடன் கலக்கும் கார்புரேட்டரின் அடியிலுள்ள மிதவைக் கிண்ணம் நிரம்பி வழிவது. கிண்ணத்தில் பெட்ரோல் ஏற ஏற மிதவையும் மேலெழுந்து, தன்மேல் நிற்கும் ஊசியைத் தள்ளி வரத்து வழியை மூடவேண்டும். ஊசியின் முனை தேய்ந்திருந்தாலோ, அது பதியும் இடத்தில் பிசின் படிந்திருந்தாலோ, மிதவைக்குள் பெட்ரோல் புகுந்து அது கனத்துப் போயிருந்தாலோ வழி மூடாது. இரண்டாவது, சிலிண்டருக்குள் அளவுக்கு மீறிப் பெட்ரோல் சென்று, தீப்பொறி தரும் பிளக்கை நனைத்துவிடுவது. காற்று வழியை மறிக்கும் சோக்கைப் போட்டபடியே ஸ்டார்ட்டர் கயிற்றைத் திரும்பத் திரும்ப இழுத்தால் பெரும்பாலும் இதுதான் நேரும்.

காட்பாடியில் என் நண்பர் நடத்தும் பட்டறைக்குப் பழவேற்காட்டிலிருந்து படகின் பின்புறம் வெளியே மாட்டும் பழைய டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு என்ஜின் ஒன்று வந்திருக்கிறது. அதன் விசிறி முழுதும் மூழ்கும்படி தண்ணீர் டிரம்மில் இறக்கி வைத்துவிட்டு, கொண்டு வந்தவரிடம் நண்பர் கேட்ட முதல் கேள்வி, “பல்ப அமுக்கினா கெட்டியாவுதா, இல்ல அமுக்க அமுக்கப் போய்க்கினே இருக்குதா?” என்பதுதான். டாங்கிலிருந்து வரும் குழாயின் நடுவே உள்ள ரப்பர் பல்பு அது. கிண்ணம் நிரம்பி ஊசி மூடிக்கொண்டால் பல்பு கல் போல் இறுகிவிடும். இறுகாமல், கார்புரேட்டரிலிருந்தும் பெட்ரோல் சொட்டினால், கயிற்றை இழுக்கவே வேண்டாம், பழுது ஊசியிலோ மிதவையிலோதான். கிண்ணத்தைக் கழற்றி, ஊசியின் கூம்பு முனையில் விரல் நகத்தை ஓட்டிப் பார்த்தால், தேய்மானம் ஒரு மெல்லிய வளையப் பள்ளமாகத் தட்டுப்படும். மிதவையைக் காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே பெட்ரோல் இருப்பது கேட்கும்.

இந்த முதல் கோளாறுக்குக் ‘கோடிபோதல்’ என்ற சொல்லை முன்மொழிகிறேன். வட ஆற்காட்டில் ஏரி நிரம்பி வழிவதை ‘ஏரி கோடி போகிறது’ என்றுதான் சொல்கிறோம். 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்தபோது இந்த வட்டாரத்தில் அன்றாடம் காதில் விழுந்த பேச்சு இது. கொள்ளளவு நிறைந்த பிறகும் வரத்து நிற்காமையால் வழிகிறது என்ற காரணமும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ‘வெள்ளம்’ என்ற சொல்லிலோ அளவு மட்டும்தான் தெரிகிறது, காரணம் தெரிவதில்லை. தென் மாவட்ட நண்பர்களுக்கு இது புதிதாக இருக்கலாம். வட்டாரச் சொல் என்பதற்காக அதை ஒதுக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டாவதற்கு ‘உள்நனைவு’ போதும். பட்டறையில் ‘பிளக் நனைஞ்சிருச்சு’ என்று சொல்வதற்கு அருகிலேயே அது நிற்கிறது. இதற்குப் பரிகாரம் கார்புரேட்டரைக் கழற்றுவது அன்று. சோக்கை முழுதும் எடுத்துவிட்டு, நிறுத்தும் சுவிட்சை நிறுத்தும் நிலையில் வைத்து, பிளக்குகளைக் கழற்றித் துடைத்து, கயிற்றைச் சில முறை இழுத்து உள்ளிருக்கும் பெட்ரோலை வெளியேற்றி, ஆவி கலையும்வரை காத்திருப்பதுதான். கோடிபோதல் முற்றினால் உள்நனைவிலும் போய் முடியும் என்பதால், நனைந்த பிளக்கை மட்டும் பார்த்து முடிவு கட்டக்கூடாது என்ற எச்சரிக்கையும் கையேட்டில் இருக்கவேண்டும். ஒரே சொல்லை வைத்துக்கொண்டு அந்த எச்சரிக்கையை எழுதவே முடியாது என்பதை எழுதிப் பார்ப்பவர்கள் உணர்வார்கள்.

பட்டியலில் ‘சோக்’ என்பதற்கு ‘அடைப்பான்’ என்றிருப்பதும் ஆபத்தானது. ஓடாமல் கிடந்த என்ஜினில் பெட்ரோல் ஆவியாகிப் போனபின், அதில் கலந்திருந்த டூ ஸ்ட்ரோக் ஆயிலும் பிசினும் தங்கி, கார்புரேட்டருக்குள் பெட்ரோல் பாயும் ஜெட்டின் நுண்துளையை மூடுவதைத்தான் எல்லோரும் ‘அடைப்பு’ என்கிறோம். சோக்கைப் போட்டால் ஓடி, எடுத்தவுடன் நின்றுவிடும் என்ஜினில், சிறிய ஜெட்டில் அடைப்பு இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்போம். அந்த இடத்தில் ‘அடைப்பானைத் திறந்ததும் நின்றால் அடைப்பை நீக்குக’ என்று அச்சிட்டால், படிக்கும் ஐ.டி.ஐ. மாணவர் எதில் கைவைப்பார்? சோக் காற்றின் வழியை மறிக்கிறது. மறித்ததால் உறிஞ்சல் கூடி, பெட்ரோல் அதிகமாக வருகிறது. ஆகவே ‘வளிமறி’ என்பது பொருந்தும்; அது பிடிக்காவிட்டால் ‘சோக்’ என்றே விட்டுவிடலாம். ‘ஜெட்’, ‘கார்புரேட்டர்’ இரண்டையும் மாற்றவே வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து.

காற்றுடன் பெட்ரோல் மிகுந்திருப்பதற்குச் செறிந்த கலவை, குறைந்திருப்பதற்கு மெலிந்த கலவை ஆகிய இரண்டு சொற்களிலும் எனக்கு மறுப்பில்லை.

எத்தனால் பற்றிய பத்தியில் ‘பெட்ரோல் கெட்டுப்போதல்’ என்று பொதுவாக எழுதியிருப்பதையும் பிரித்து எழுதவேண்டும். இப்போது பங்க்குகளில் வரும் பெட்ரோலில் எத்தனால் 20 விழுக்காடு வரை கலந்திருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும். ஈரம் மிகுந்தால் எத்தனாலும் நீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டாங்கின் அடியில் தங்கும். அதற்குப் ‘படுகை பிரிதல்’ என்ற முன்மொழிவைவிட ‘அடிநீர் பிரிதல்’ தெளிவாக இருக்கும். பழைய ரப்பர் குழாய்கள் எத்தனாலில் ஊறி உப்பிப்போவது வேறு பழுது. அதை இதனுடன் சேர்க்காமல் தனி வரியாகப் பதிய வேண்டும்.

மாற்றுச் சொல் தருபவர்கள், அந்தச் சொல் வரும் ஒரு பழுதுநீக்கக் குறிப்பையும் உடன் எழுதி அனுப்புங்கள். இயல் அச்சுக்குப் போகுமுன் அந்தக் குறிப்புகளைப் பட்டறையில் வேலை செய்யும் பையன்களிடம் படிக்கக் கொடுத்து, அவர்கள் எந்தத் திருகில் கைவைக்கிறார்கள் என்று பார்த்துக் குழுவுக்கு எழுதுகிறேன்.