கணினியில் பளிச், ஏற்றினால் மங்கல்: வயல், பூக்கடைப் படங்களைப் பகிர்வதில் சில சந்தேகங்கள்

கேள்வி: கரைமேடு

வணக்கம். சம்பா அறுவடை, சாலையோரம் நெல் காயப்போடுவது, தஞ்சாவூர் பூக்காரத் தெருக் கடைகள் என்று எடுத்த படங்களை ஒரு தொகுப்பாகப் பொதுவில் போட வேண்டும். கேமரா நிக்கான் டி5600, கூட வந்த 18-55 லென்ஸ். கொஞ்சம் படங்கள் ஐபோனில் எடுத்தவை. திருத்துவது கிம்ப் என்ற இலவச மென்பொருளில்.

கிம்ப்பில் பசேலென்று இருக்கும் வயல், தளத்தில் ஏற்றியதும் பழுப்படித்துப் போகிறது. கதிர்களின் கூர்மையும் குறைகிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இன்னும் மோசம். ஐபோன் படங்களில் இந்த நிறச்சிக்கல் அவ்வளவாக இல்லை. நீலத் தார்ப்பாய் கட்டிய பூக்கடைப் படங்களில் முகங்கள் நீலமாக இருக்கின்றன, வொயிட் பேலன்ஸை (வெள்ளை வெள்ளையாகவே தெரிய நிறத்தைச் சமன்செய்யும் அமைப்பை) மாற்றினால் பூக்களின் நிறம் கெடுகிறது. பனிமூட்டப் படங்கள் எல்லாமே சாம்பலாக விழுகின்றன. ஃப்ளிக்கரில் போடுவதா, விக்கிப்பீடியாவுக்குப் படம் தரும் பொதுக் களஞ்சியமான விக்கிமீடியா காமன்ஸில் போடுவதா என்பதையும் சொல்லுங்கள்.

பதில்: நிழல்மானி

முதலில் கேமராவில் வந்த கோப்பின் பெயரைப் பாருங்கள். நிக்கானில் எஸ்ஆர்ஜிபி நிறவெளியில் (இணையத்தில் பொதுவாகப் பயன்படும் நிற எல்லை) எடுத்தால் பெயர் 'டிஎஸ்சி' என்று தொடங்கி, அதன் பிறகு அடிக்கோடு (_) வரும். அடிக்கோடு பெயரின் முதலிலேயே நின்றால் அது அடோபி ஆர்ஜிபி. கேனானிலும் இதே அடையாளம்தான், முதல் எழுத்தின் இடத்தில் அடிக்கோடு இருக்கும்.

அடோபி ஆர்ஜிபியில் பச்சையின் எல்லை அகலம். ஏற்றும்போது நிற ப்ரொஃபைலை (படம் எந்த நிறவெளியில் உள்ளது என்று சொல்லும் குறிப்பை) கழற்றிவிடும் தளங்கள் உண்டு. அப்படிக் கழன்ற படத்தை எஸ்ஆர்ஜிபி என்று நினைத்தே பிரவுசர் காட்டும், அதனால் எல்லா நிறமும் வெளுக்கும். பச்சைதான் முதலில் அடிபடும். வானத்தைவிட நெல்வயலில் உங்களுக்கு வித்தியாசம் அதிகம் தெரிவது இதனால்தான்.

கேமராவின் ஷூட்டிங் மெனுவில் 'கலர் ஸ்பேஸ்' என்பதை எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிவிடுங்கள். ஏற்கெனவே எடுத்த ஜேபெக் படங்களுக்கு, கிம்ப்பில் இமேஜ் மெனுவின் கலர் மேனேஜ்மென்ட்டுக்குள் 'கன்வர்ட்' என்று இருப்பதை எடுங்கள். பக்கத்திலேயே இருக்கும் 'அசைன்' வேண்டாம். கன்வர்ட் செய்தால் எண்கள் மாறி, கண்ணுக்குத் தெரியும் நிறம் அப்படியே நிற்கும். அசைன் செய்தால் எண்கள் நின்று நிறம் மாறிவிடும். இணையத்தில் மங்கலாகத் தெரியும் வயல்களில் பாதி இந்த ஒரு சொடுக்கில் கெட்டவை என்பேன். ரா (RAW, கேமரா பதப்படுத்தாத கோப்பு) வடிவில் எடுத்தவற்றுக்கு இந்தக் கவலை இல்லை, ஏற்றுமதியின்போது எஸ்ஆர்ஜிபி தேர்ந்தால் போதும்.

அடுத்து கூர்மை. டி5600 தருவது 6000 × 4000 பிக்சல். அதை அப்படியே ஏற்றினால் தளம் தன் இஷ்டத்துக்குச் சுருக்கும், கதிர் நுனிகள் குழைந்துவிடும். நீங்களே சுருக்கிவிடுங்கள். நீளப் பக்கம் 2048 வைத்தால் 2048 × 1365 வரும். கூர்மையாக்குவதைச் சுருக்கிய பிறகே செய்ய வேண்டும். முன்னால் செய்தால் சுருக்கும்போது அது கரைந்துபோகும். கூர்மையாக்கும் கருவியான அன்ஷார்ப் மாஸ்க்கில் ரேடியஸ் 0.6 முதல் 0.8, அமவுன்ட் 0.4 முதல் 0.5 போதும். ரேடியஸ் 3 போனால் பனைமர ஓரமெல்லாம் வெள்ளைக்கோடு கட்டிக்கொள்ளும். ஜேபெக் தரம் 85. வயல் படங்களில் நுண்விவரம் அதிகம், 75க்குக் கீழே இறக்கினால் நெற்பயிர் சதுரம் சதுரமாக உடையும். இன்ஸ்டாகிராமுக்கு மட்டும் தனியாக 1080 அகலத்தில் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். நிமிர்ந்த படமென்றால் 1080 × 1350.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் சுருக்காது. ஆனால் அப்படிப் போகும்போது கோப்புக்குள் இருக்கும் இடத்தகவலும் கூடவே போகும், கவனம்.

பதில்: பனைநிழல்

முகம் நீலமானதற்குக் காரணம் தலைக்கு மேலே கட்டியிருக்கும் நீலத் தார்ப்பாய். வெயில் அதன் வழியாக வடிகட்டி முகத்தில் விழுகிறது, கடையின் முன்பகுதிப் பூக்களில் நேர்வெளிச்சம் விழுகிறது. ஒரே படத்தில் இரண்டு வெளிச்சம். வொயிட் பேலன்ஸ் படம் முழுவதற்கும் ஒன்றுதான் என்பதால் முகத்தைச் சரிசெய்தால் மல்லிகை மஞ்சளடிக்கும், மல்லிகையைச் சரிசெய்தால் முகம் நீலமாகும். கணினியில் முகத்தை மட்டும் மாஸ்க் போட்டு மாற்றலாம், ஆனால் தார்ப்பாய்க்கு அடியில் தோலின் சிவப்பு அநேகமாகப் பதிவாகியே இருக்காது. எடுக்கும் இடத்திலேயே தீர்ப்பதுதான் வழி: தார்ப்பாயின் விளிம்புக்குப் பக்கத்தில், திறந்த பக்கத்திலிருந்து வெளிச்சம் வாங்கும் கடையைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் விடிவதற்கு முன்பே போங்கள். அப்போது கடை பல்பு ஒன்றுதான் வெளிச்சம், நிறம் சீராக இருக்கும். இப்போது கையிலிருக்கும் படங்களில் நல்ல முகபாவம் உள்ளதைக் கறுப்பு வெள்ளை ஆக்குங்கள். நாரில் பூ கட்டும் கை, நார், மொட்டு ஆகியவற்றின் அமைப்பு அதில் நன்றாகவே நிற்கும்.

எல்இடி பல்பு வெளிச்சத்தில் ஒன்று கவனியுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான பல்பு நொடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டரை 1/500 நொடி வைத்தால் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது இருட்டாகவும் வரும், சிலவற்றில் குறுக்கே பட்டை விழும். 1/100 வையுங்கள். பூ கட்டும் விரல் அதில் சற்றே கலங்கும், அந்தக் கலங்கல் வேலையின் வேகத்தைக் காட்டுவதால் எனக்குப் பிடிக்கும். பகலில் முறத்தில் நெல் தூற்றுவதற்கு 1/500, மணி மணியாக நிற்கும். 1/60 என்றால் பொன்கோடாக ஓடும். இரண்டுமே நன்றாக இருக்கும், இடையில் 1/160இல் எடுத்தால்தான் இரண்டும்கெட்டானாக இருக்கும்.

பனி சாம்பலாவது கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டரின் இயல்பு. எதைக் கண்டாலும் நடுத்தரச் சாம்பலாக்கவே பார்க்கும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) +0.7 முதல் +1 வரை கூட்டுங்கள். கரும்பச்சை வயலில் வெள்ளைக் கொக்கு நின்றால் நேர் எதிர், -0.7. இல்லாவிட்டால் இறகெல்லாம் வெள்ளைத்தாளாகிவிடும். பனியில் ஆட்டோஃபோகஸ் பிடிக்காமல் முன்னும் பின்னும் ஓடும், பனைமரத் தண்டு போல அழுத்தமான ஓரத்தில் பூட்டிவிட்டு ஃப்ரேமை நகர்த்துங்கள். தை மாதத்தில் அங்கே சூரியன் ஆறரை மணி தாண்டி உதிக்கும். அதிலிருந்து முக்கால் மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள்.

பதில்: தெருவோரம்

எங்கே போடுவது என்பதற்கு: ஃப்ளிக்கர் இலவசக் கணக்கில் மொத்தம் 1000 கோப்புகள்தான். உரிமம் தானாகவே 'அனைத்து உரிமைகளும் உங்களுக்கே' என்று இருக்கும், வேண்டுமானால் மாற்றலாம். காமன்ஸில் ஏற்றினால் யாரும், வணிகத்துக்கும்கூட, எடுத்துப் பயன்படுத்தலாம். 'வணிகத்துக்குக் கூடாது' என்ற நிபந்தனையை அங்கே ஏற்கமாட்டார்கள், கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெறவும் முடியாது. என் கருத்து: நெல் காயப்போடுவது, கொள்முதல் நிலையத்தில் மூட்டை அடுக்குவது, கதிர் அறுக்கும் மெஷின் மாதிரி ஆவணமாகப் பயன்படும் படங்களைக் காமன்ஸில் முழு அளவில், வாட்டர்மார்க் இல்லாமல் கொடுங்கள். முகம் நெருக்கமாகத் தெரியும் படங்களை அங்கே கொண்டுபோக வேண்டாம். அந்தப் பூக்கார அம்மாவின் முகம் நாளை ஏதோ ஒரு விளம்பரத்தில் வந்தால் அதைத் தடுப்பது அவருக்கு எளிதல்ல. ஃப்ளிக்கரில் போடுவதானாலும் அவரிடம் திரையில் படத்தைக் காட்டி, இணையத்தில் போடப்போவதாகச் சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். 'போட்டோ எடுக்கலாமா' என்று மட்டும் கேட்பது போதாது. குழந்தை என்றால் பெற்றவரிடம்.

இடத்தகவல் ஐபோனில் மட்டும் இருக்கும் என்று நினைக்காதீர்கள். டி5600ஐ ஸ்னாப்பிரிட்ஜ் செயலியோடு இணைத்து இடப்பகிர்வைத் திறந்து வைத்திருந்தால் கேமராப் படத்திலும் ஏறிவிடும். தசமப் புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் இருந்தாலே 11 மீட்டருக்குள் இடம் தெரிந்துவிடும். கிம்ப்பில் ஏற்றுமதி செய்யும்போது 'சேவ் எக்சிஃப் டேட்டா' (கோப்புக்குள் படத்தகவலைச் சேமிப்பது) குறியை எடுத்துவிட்டால் போய்விடும். பொதுச் சாலைக்கு இடம் இருக்கலாம், நல்லதுதான். வீட்டு வாசல் கோலம், பறவைக்கூடு இரண்டுக்கும் கட்டாயம் நீக்க வேண்டும்.

தலைப்பில் 'கிராமத்து அழகு' என்று எழுதாதீர்கள், தேடுகிறவருக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. 'சம்பா நெல் சாலையில் காய்கிறது, ஒரத்தநாடு வட்டம், தை மாதம்' என்று எழுதினால் பத்து வருடம் கழித்தும் ஒருவர் தேடி எடுப்பார்.

கரைமேடு

அடிக்கோடு முதலில்தான் இருக்கிறது, கன்வர்ட் செய்ததும் பச்சை திரும்பிவிட்டது. மிக்க நன்றி. ஒரே காட்சியில் ஏழெட்டுப் படம் இருக்கிறது, எத்தனை போடலாம்? ஐபோன் படங்களையும் கலக்கலாமா?

நிழல்மானி

ஒரு காட்சிக்கு ஒன்று. தூரம், நடு, நெருக்கம் என்று அளவு மாறினால் மட்டும் இரண்டாவதைச் சேருங்கள். எட்டுக்கு மேல் தொகுப்பு நீண்டால் பார்ப்பவர் கடைசி வரை வரமாட்டார். ஐபோன் படங்களைக் கலக்கலாம், ஆனால் அவை டிஸ்ப்ளே பி3 நிறவெளியில் இருக்கும். அவற்றையும் எஸ்ஆர்ஜிபிக்குக் கன்வர்ட் செய்து, அதே 2048க்குக் கொண்டுவாருங்கள். ஐபோன் தானே கூர்மையாக்கித்தான் தருகிறது, அதனால் அவற்றுக்கு அன்ஷார்ப் மாஸ்க் வேண்டாம்.