மே மாசத்துல எந்த ஸ்கூல்லீங்க மணி அடிச்சாங்க?

நொய்யல்காரன்:
ராஜீவ் காந்தி இறந்த அன்னிக்கு எங்க இருந்தீங்கன்னு நேத்து ஒருத்தர் கேட்டதுக்கு நம்ம ஜமக்காளம் எழுதுனத பாத்தீங்களா? வகுப்புல உக்காந்திருந்தாராம், மத்தியானம் ஹெச்.எம். நீளமா மணி அடிக்கச் சொல்லி எல்லாரையும் ஊட்டுக்கு அனுப்பிட்டாராம், இவரு வாய்க்கா மேட்டுல அழுதுட்டே நடந்து போனாராம். அதுக்கு அத்தன பேரு கண்ணீர் பொம்மை போட்டிருக்காங்க. ஏனுங்க, ஒருத்தருக்குக்கூடவா தோணல? 1991 மே 21. மே! முழுப்பரிச்ச லீவு. குண்டு வெடிச்சதே ஸ்ரீபெரும்புதூர்ல ராத்திரி பத்து மணிக்கு மேல. மத்தியானம் எந்த ஹெச்.எம்.முங்க மணி அடிச்சாரு?

ஜமக்காளம்:
வந்துட்டாருய்யா. நான் சொன்னது மறுநாள், 22ந் தேதி புதன்கெழமை. பத்தாவது போற பசங்களுக்கு லீவுலயே ஸ்பெஷல் கிளாஸ் வெச்சாங்க. எங்க ஸ்கூல்ல மணின்னா வேப்பமரத்துல தொங்குற தண்டவாளத் துண்டு, அத பியூன் இரும்புக் கம்பில அடிச்சா ஊரு பூரா கேக்கும். அந்தச் சத்தம் இன்னும் என்ற காதுல இருக்குது. நீங்க நம்புனா நம்புங்க நம்பாட்டி போங்க.

நொய்யல்காரன்:
"இறந்த அன்னிக்கு"ன்னுதான் எழுதுனீங்க, நான் கேட்டதும் மறுநாளாயிடுச்சு. சரி போச்சாது, மறுநாளே வெச்சுக்குவோம். ராத்திரி நடந்த சங்கதி மறுநாள் மத்தியானம் வரைக்கும் உங்க ஹெச்.எம்.முக்கு தெரியாதா? எங்க ஊர்ல வெடியால அஞ்சு மணிக்கே டீக்கடைய பாதிக் கதவு சாத்திட்டான். பஸ் இல்ல, கடை இல்ல. நீங்க மட்டும் சிலேட்டு தூக்கிட்டு ஸ்பெஷல் கிளாஸ் போனீங்களாக்கும். அதுவும் 91ல கவர்மெண்ட் ஸ்கூல்ல மே மாசம் கிளாஸ்! அப்பெல்லாம் வாத்தியாருங்க மே மாசம் காட்டுல தண்ணி கட்டிட்டு இருந்தாங்க.

தறிச்சத்தம்:
எனக்கு நல்லா ஞாபகம் இருக்குதுங்க. சோமனூர் பக்கம், நைட் ஷிப்டு, பன்னெண்டு தறி ஓடுது. பக்கத்து செட்டுக்காரரு ஓடியாந்து வாயசைக்கறாரு, தறிச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. ஓனரு ஸ்விட்சு போர்டுகிட்ட போயி ஒவ்வொண்ணா நிறுத்துனாரு. கடைசித் தறி நின்னதும் காதுக்குள்ள ங்ஙொய்னு ஒரு சத்தம் பாருங்க, அதுக்கப்பறந்தான் "ராஜீவ கொன்னுட்டாங்களாமா"ன்னாரு. அன்னிக்கு ஊர்ல ஒரு தறி ஓடல, அந்த அமைதியில ஒருத்தருக்கும் தூக்கம் வல்லீங்க. இதுல மே என்ன ஜூன் என்ன, கூடவே போலீஸ்காரங்க, பொதுசனம் எத்தன பேரு செத்தாங்க, அத உட்டுப்போட்டு மணிக்கு சண்ட போடறீங்க.

நொய்யல்காரன்:
உங்க ஞாபகத்துல தப்பே இல்லீங்க, ராத்திரி நடந்தத ராத்திரின்னு சொல்றீங்க. நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. மே மாசத்துல எந்த ஸ்கூல்ல மணி அடிச்சாங்க?

வெள்ளகோவில் வாத்தியார்:
தண்ணி கட்டிட்டு இருந்தோமா? 34 வருச சர்வீஸ் தம்பி. மே மாசம் வேகாத வெயில்ல வாக்காளர் பட்டியலோட வீடு வீடா நடந்திருக்கோம். அந்த வருசம் மே கடைசியில எலெக்சன் வெச்சிருந்தாங்க, ட்ரெயினிங்குக்கு போயிட்டு வந்து ட்யூட்டி ஆர்டர பையில வெச்சிருந்தேன், ராஜீவ் இறந்ததும் ஜூனுக்கு தள்ளிப் போட்டாங்க. வாத்தியார்னா உங்களுக்கு எளக்காரம்.

ஜமக்காளம்:
அப்புடி சொல்லுங்க வாத்தியாரய்யா! ஸ்பெஷல் கிளாஸ் இருந்துச்சா இல்லையா அதையும் சொல்லிப்போடுங்க.

வெள்ளகோவில் வாத்தியார்:
எங்க ஸ்கூல்ல இல்ல. உங்க ஸ்கூல்ல இருந்திருக்கலாம். நான் பேசறது தண்ணி கட்டுன விசயம்.

நொய்யல்காரன்:
வாத்தியாரய்யா கோவிச்சுக்காதீங்க, என்ற மாமனும் வாத்தியார்தான், அவரு தண்ணி கட்டுனாரு, அதத்தான் சொன்னேன். ஆனா பாருங்க, உங்க ஸ்கூல்லயும் கிளாஸ் இல்லைன்னுட்டீங்க. இதோட நான் நிறுத்திக்கறேன்.

உப்பிலிபாளையம்:
இதுல ஜமக்காளத்த பொய்காரர்னு சொல்ல வேண்டியதில்ல. அமெரிக்காவுல உல்ரிக் நைசர்னு ஒரு மனோதத்துவ பேராசிரியர். 1941 டிசம்பர் 7 பேர்ல் ஹார்பர் தாக்குதல் நடந்தப்ப ரேடியோவுல பேஸ்பால் மேட்ச் கேட்டுட்டு இருந்தேன், நடுவுல நியூஸ் வந்துச்சுன்னு ரொம்ப வருசமா நம்பிட்டு இருந்தாரு. அப்பறம் ஒரு நாள்தான் பொறி தட்டுச்சு, டிசம்பர்ல பேஸ்பாலே ஆட மாட்டாங்கன்னு. 1986ல சாலஞ்சர் விண்கலம் வெடிச்ச மறுநாளே எங்க இருந்தீங்க, யாரு சொன்னாங்கன்னு மாணவர்கள்கிட்ட எழுதி வாங்கி வெச்சாரு, ரெண்டரை வருசம் கழிச்சு அதையே கேட்டா நெறய பேரு வேற கதை சொன்னாங்க, அதுவும் அடிச்சுச் சொன்னாங்க. அவங்க சொந்தக் கையெழுத்த காட்டியும் பழசு ஞாபகம் வல்ல. ஜமக்காளம் அண்ணனுக்கு இந்திரா அம்மையார் செத்த நாள் இதோட கலந்திருக்கும். அது 1984 அக்டோபர் 31, புதன்கெழமை, ஸ்கூல் நாளு.

நொய்யல்காரன்:
டிசம்பர்ல பேஸ்பால், மே மாசத்துல ஸ்பெஷல் கிளாஸ். ஆஹா. அமெரிக்காக்காரனாவது தானா ஒத்துக்கிட்டான்.

ஜமக்காளம்:
இந்திரா அம்மா செத்தப்ப நான் மூணாவது. அன்னிக்கு நான் ஸ்கூலுக்கே போகல, அம்மை போட்டு வேப்பலையில படுத்திருந்தேன், அப்புச்சிதான் கயித்துக் கட்டல்கிட்ட வந்து சொன்னாரு. எது எந்த நாளுன்னு எனக்குத் தெரியாதா? படிச்சவங்கன்னா மத்தவன் மண்டைக்குள்ள பூந்து பாப்பீங்களா?

நொய்யல்காரன்:
84ல சுட்டது காத்தால ஒம்பது மணிக்கு மேல, ஆல் இந்தியா ரேடியோ இறந்துட்டாங்கன்னு சொன்னது பொழுதோட ஆறு மணிக்கு. அதனால அன்னிக்கும் மத்தியானம் ஹெச்.எம். மணி அடிச்சிருக்க முடியாது. ஆக மொத்தம் இந்த மணி எந்தச் சாவுக்கும் பொருந்தல.

வெள்ளகோவில் வாத்தியார்:
அது தப்பு. பிபிசி முன்னாடியே சொல்லிருச்சு. எங்க ஹெச்.எம். மத்தியானமே கேட்டுட்டு வந்து எங்க காதுல சொன்னாரு. நீங்க எல்லாத்தையும் தெரிஞ்ச மாதிரி பேசாதீங்க.

பவானிக்கரை:
உப்பிலிபாளையம் பாதிக் கதைதான் சொன்னாரு. அந்த நைசர் கேட்டது பேஸ்பால் இல்ல, ஃபுட்பால் மேட்ச்னு அப்பறம் வேற ஆராய்ச்சிக்காரங்க கண்டுபிடிச்சாங்க. அன்னிக்கு நியூயார்க்ல ஜெயன்ட்ஸுக்கும் டாட்ஜர்ஸுக்கும் ஃபுட்பால் மேட்ச், அதே பேர்ல பேஸ்பால் டீமும் இருந்துச்சு, அதான் கொழப்பம். மேட்ச் இருந்தது நெசம், ரேடியோ கேட்டது நெசம், நடுவுல நியூஸ் வந்ததும் நெசம்.

ஜமக்காளம்:
இப்ப என்ன சொல்றீங்க நொய்யல்? மணி அடிச்சது நெசம்.

நொய்யல்காரன்:
அவருக்கு ஃபுட்பால் கெடச்சுது. உங்களுக்கு என்ன கெடச்சுது? ஐஸ் வண்டி மணியா? கோயில் மணியா? மே மாசம் ஐஸ்காரன் வருவான், அது வேணா ஒத்துக்கறேன். அந்த கிளாஸுல கூட உக்காந்திருந்த ஒரே ஒரு ஆள வந்து எழுதச் சொல்லுங்க, நான் கணக்க மூடிட்டு போயிடறேன்.

ஜமக்காளம்:
உங்களுக்கு இது ராஜீவ் பத்துன கோவமே இல்ல. போன வருசம் அத்திக்கடவு தண்ணித் திட்டப் பேச்சுல நான் உங்கள மடக்குனேன், அதுக்கு இப்ப பழி வாங்கறீங்க.

நொய்யல்காரன்:
மடக்குனீங்களா! பாதியில ஓடுனது யாரு? சரி, 22ந் தேதி ஸ்கூலுக்கு எதுல போனீங்க? பஸ்தான் ஓடலையே.

ஜமக்காளம்:
மூணு மைல் நடந்தேன். சேரன் பஸ், அதான் கோயமுத்தூர் கவர்மெண்ட் பஸ், வருமான்னு ஸ்டாப்புல ஒரு மணி நேரம் நின்னு பாத்துட்டு நடந்தேன். அதனாலதான் லேட்டு, நான் போய்ச் சேந்து கொஞ்ச நேரத்துல மணி அடிச்சாங்க.

பவானிக்கரை:
அண்ணா, பவானி பக்கம் 91ல ஏதுங்ணா சேரன்? ஈரோடு ஜில்லாவுக்குன்னு தனியா ஜீவா போக்குவரத்துக் கழகம் வந்து எத்தனையோ வருசமாச்சே.

நொய்யல்காரன்:
😂😂😂

ஜமக்காளம்:
கோயமுத்தூர் போற சேரன் எங்க ஸ்டாப்புல நிக்கும். பச்ச கலரு.

தறிச்சத்தம்:
சேரன் பச்சையா? எனக்கு செவப்பு மாதிரில்ல ஞாபகம்.

பவானிக்கரை:
யாருகிட்டயாவது பழைய சேரன் பஸ் போட்டோ இருந்தா போடுங்க.

வெள்ளகோவில் வாத்தியார்:
பஸ் கலரெல்லாம் அப்பறம் பேசலாம். தண்ணி கட்டுனாங்கன்னு சொன்ன வார்த்தைய நொய்யல் இன்னும் வாபஸ் வாங்கல, மாமன் கதை சொல்லி தப்பிச்சுட்டாரு.

நொய்யல்காரன்:
வாங்கறேங்கய்யா, மொதல்ல ஜமக்காளம் மணிய வாபஸ் வாங்கட்டும். நான் அப்பவே நிறுத்திட்டேன், நீங்கதான் திரும்பத் திரும்ப இழுக்கறீங்க. கடைசியா ஒண்ணு: மே.

ஜமக்காளம்:
புதன்கெழமை. தண்டவாளத் துண்டு. பச்ச பஸ்.