சுங்கை சிப்புட் பலகை வீடு: குளியலறை மூலைக் கட்டையை எப்படிச் செதுக்குவது? அவசரம்

புதுக்குடித்தனம்:
திண்டுக்கல்லில் இருந்து மலேசியாவுக்கு வந்து ஆறு வாரம் ஆகிறது. தோட்டத்தை ஒட்டிய பழைய பலகை வீடு, வாடகை. குளியலறைச் சுவரை நானே பிரித்துவிட்டேன். வெள்ளிக்கிழமை மனைவியும் கைக்குழந்தையும் வந்து இறங்குகிறார்கள். மூலையில் ஒரு சட்டக்கட்டை (சுவருக்குள் நிற்கும் மரக்கால்) முக்கால் அங்குலம் துருத்துவதால் சிமென்ட் போர்டு உட்காரவில்லை. வட்ட ரம்பமும் உள்ளே நுழையவில்லை. என்ன செய்வது?

கூலிம் அக்கா:
தம்பி, வீட்டுக்காரரிடம் கேட்டீர்களா? நாங்கள் வந்த புதிதில் கேட்காமல் ஓர் அலமாரி அடித்தோம், காலி செய்யும்போது முன்பணத்தில் பிடித்துக்கொண்டார்கள். ஹீட்டர் இல்லாமல் நான்கு மாதம் வாளித் தண்ணீர்தான். பிள்ளைக்குச் சளி விடவே இல்லை. முதலில் ஹீட்டரைப் பாருங்கள்.

ஈப்போ தச்சர்:
கட்டையை அடியோடு அறுத்து எடுத்துவிடுங்கள். முன்பின் ஓடும் ரம்ப மெஷின் இருந்தால் ஐந்து நிமிட வேலை.

தெலுக் இந்தான்:
அண்ணே, மூலைக்கட்டை கூரையைத் தாங்கும். எடுக்கவே கூடாது. அந்த மெஷினின் நுனி பின்பக்கப் பலகையையும் கிழிக்கும். என் வீட்டில் வேலை எடுத்த ஒரு கான்ட்ராக்டர் அப்படித்தான் கிழித்து, பாதிப் பணத்தோடு போனார்.

கூலிம் அக்கா:
எங்களிடமும் வேலைக்கு முன்பணம் வாங்கிய ஆள் திரும்பி வரவில்லை. இரண்டு மாதம் பக்கத்து வீட்டுக் கழிவறை.

பழைய தோட்டத்தான்:
சரி, வேலைக்கு வருவோம். கட்டை 3 அங்குலமா, 4 அங்குலமா? பின்னால் வயர், குழாய் உண்டா? தம்பி சொல்லவில்லை. அமெரிக்கக் கட்டட விதிப்படி பாரம் தாங்கும் கட்டையில் அகலத்தின் 25 சதவீதத்துக்கு மேல் வெட்டக் கூடாது. 4 அங்குலக் கட்டையில் அது ஒரு அங்குலம், உங்கள் முக்கால் அடங்கும். 3 என்றால் விளிம்பில் நிற்கிறீர்கள், பக்கத்தில் துணைக்கட்டை அடியுங்கள்.

மூலைக்கு அதிரும் மல்டி டூல்தான் ஏற்றது. பழைய ஆணி இருக்கும், அதனால் ஆணியையும் அறுக்கும் பைமெட்டல் பிளேடு. அரை அங்குலத்துக்கு ஒன்றாகக் குறுக்கே கீறி, உளியால் தட்டி எடுங்கள். இங்கத்திய மரங்களில் மெராந்தி சுலபமாக விடும், செங்கால் என்ற கெட்டி மரம் பிளேடைத் தின்னும். வெட்டிய இடத்தில் கரையான் மருந்து பூசிக் காயவிட்ட பிறகே போர்டு. ஊரில் இருந்து கொண்டு வந்த மெஷின் ஓடும், மின்சாரம் இங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். பிளக்குக்கு மட்டும் சதுரக் கால் வேண்டும்.

புதுக்குடித்தனம்:
4 அங்குலம் ஐயா. மெயினை அணைத்து டார்ச் அடித்துப் பார்த்தேன், கட்டையை ஒட்டி ஹீட்டர் வயர் போகிறது. வீட்டுக்காரர் நாளைக் காலை வயர்மேனை அனுப்புகிறார். அதுவரை ரம்பத்தைத் தொடமாட்டேன்.

கூலிம் அக்கா:
நல்லது தம்பி. வேலை முடியும்வரை குழந்தையை அடுப்படியில் அகலமான பேசினில் குளிப்பாட்டச் சொல்லுங்கள்.