மேடையில் குதித்த ஊசி

செந்தூல்காரன்:

மெட்டல், ராப், ஃபங்க் என்ற மேற்கத்திய இசை வகைகளையெல்லாம் கலந்து வாசித்த மலேசியக் குழுக்களோடு உண்டான அனுபவங்களைக் கேட்டிருந்தீர்கள். என்னுடையது 2004-இல் நடந்தது. நானே குழுவில் இருந்தவன், அதனால் கொஞ்சம் நீளும்.

அப்போது எங்கள் வயதுப் பையன்களுக்கு பாப் ஷவிட்தான் கண்முன் இருந்த சான்று. 2001-இல் இதே கோலாலம்பூரில் தொடங்கிய குழு. பெயரே ஸ்கேட்போர்டு வித்தை ஒன்றின் பெயர்தான். கிட்டார், டிரம்ஸ் வரிசையில், சுழலும் இசைத்தட்டைக் கையால் தேய்த்து ஒலி எழுப்பும் டர்ன்டேபிள்காரர் ஒருவரும் முழு உறுப்பினராக நின்றார். அடுத்த ஆண்டே முதல் ஆல்பம் வந்துவிட்டது. அதைப் பார்த்த பிறகு கோலாலம்பூரின் எங்கள் செந்தூல் பகுதியில் நான்கு பேர் சேர்ந்தால், ஐந்தாவதாக இசைத்தட்டு தேய்ப்பவனைத் தேடாமல் இருப்பார்களா?

அந்த ஐந்தாவது ஆள் நான். வேறு எதுவும் வாசிக்கத் தெரியாது என்பதுதான் என் தகுதி. பெட்டாலிங் ஜெயாவின் ஆம்கார்ப் மாலில் வார இறுதிகளில் பழம்பொருள் விற்பார்கள். அங்கே வீட்டு ரெக்கார்ட் பிளேயர் ஒன்றும் பழைய தமிழ் இசைத்தட்டுகள் நான்கும் வாங்கினேன். ரப்பர் பெல்ட்டில் ஓடும் கருவி அது. தட்டைக் கையால் பின்னுக்கு இழுத்துவிட்டால் மறுபடி வேகம் பிடிப்பதற்குள் ராப் பாடுபவன் அடுத்த வரிக்குப் போயிருப்பான். ஊரெல்லாம் டெக்னிக்ஸ் 1200 டர்ன்டேபிளுக்கு ஏன் அலைகிறது என்று அப்போதுதான் விளங்கியது. அதில் பெல்ட்டே கிடையாது, மோட்டாரே நேராகத் தட்டைச் சுழற்றுகிறது. ஆறு மாதப் பகுதிநேரச் சம்பளத்தில் பழையது ஒன்றை வாங்கினேன். அம்மாவிடம் பாதி விலைதான் சொன்னேன்.

முதல் மேடை ஒரு கடைவீட்டின் மாடி. இடத்தின் பெயர் வேண்டாம். மடக்கு மேசையில் டர்ன்டேபிளை வைத்தோம், பேஸ் கிட்டாரின் ஆம்ப்பிலிருந்து (ஒலியைக் கூட்டும் பெட்டி) ஓரடி தள்ளி. முதல் பாட்டு தொடங்கியதும் ஊசி தவளையாகக் குதித்தது. பலகைத் தரை டிரம்ஸின் ஒவ்வோர் உதைக்கும் ஆடியது. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பேஸ் ஒலி மேசை வழியாக ஊசிக்குள் ஏறி, ஒலிபெருக்கியில் வெளியே வந்து, மறுபடியும் ஊசிக்குள் ஏறி, அடிவயிற்றைக் கலக்கும் ஊளையாக வளர்ந்துகொண்டே போனது. கூட்டம் அதையும் பாட்டின் பகுதி என்று நினைத்துக் கைதட்டியது. மெட்டல் ரசிகர்கள் நல்ல மனசுக்காரர்கள்.

எங்கள் சாமான்களை லோரியில் ஏற்றி வந்தவர் என் தாய்மாமா. உறுமி மேளக் குழுவில் பல வருடம் வாசித்தவர், தைப்பூசம் வந்தால் பத்துமலையில்தான் இருப்பார். படி இறங்கும்போது கேட்டார்:

“ஏன் மாப்பிள்ளை, தோலை ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் வைத்தால் அது தானாக முனகும் என்று தெரியாதா?”

“இது தோல் இல்லை மாமா, இசைத்தட்டு.”

“அதிர்கிறதா இல்லையா? அப்படியென்றால் தோல்தான்.”

அடுத்த வாரம் கட்டுமான இடத்திலிருந்து நடைபாதைக்குப் போடும் சிமெண்டுக் கல் ஒன்றையும் இரண்டு டென்னிஸ் பந்துகளையும் கொண்டுவந்தார். பந்துகளைப் பாதியாக அறுத்து, நான்கு மூலைக்கும் கவிழ்த்து வைத்து, மேலே கல்லையும் கல்லின் மேல் டர்ன்டேபிளையும் ஏற்றினார். கல்லின் கனம் ஆட்டத்தை விழுங்கியது, ரப்பர் அதிர்வை மேசையோடு நிறுத்தியது. ஆம்ப்பை மேடையின் மறுகோடிக்குத் தள்ளினோம். ஊளை போயே போய்விட்டது. என்ன, அந்தக் கல்லை ஒவ்வொரு மாடிக்கும் தூக்குவது என் தலையில் விழுந்தது.

பிறகு இரண்டு விரலால் தட்டை முன்னும் பின்னும் தேய்த்துப் பார்த்தவர், சிரித்துவிட்டார். உறுமியில் வளைந்த குச்சியைத் தோலில் அழுத்தி இழுக்கும்போது வருமே ஓர் அனத்தல், கிட்டத்தட்ட அதே ஒலி. “முழங்கையால் இழுக்காதே, மணிக்கட்டால் இழு. அழுத்தினால் பேசும்” என்றார். அழுத்தம் பற்றிச் சொன்னது தட்டுக்குப் பொருந்தாது, இங்கே சுருதியை மாற்றுவது வேகம்தான். மணிக்கட்டு பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

பட்டர்வொர்த் கிட்டார்:

நான் எதிர்முகாம். எங்கள் குழுவில் டர்ன்டேபிள்காரனை ஒரு வருடம் யாருக்கும் கேட்கவிடாமல் செய்தவன் நான்தான். மெட்டல் கிட்டாரை முழு இரைச்சலில் விட்டால், தட்டைத் தேய்க்கும் ஒலியும் அதே உயரத்தில்தான் வரும், போதாததற்கு டிரம்ஸின் சிம்பல் வேறு. மூன்றும் ஒன்றையொன்று தின்றுவிடும். அவன் ஒலியைக் கூட்டுவான், நானும் கூட்டுவேன், பாடுபவன் தொண்டை கிழியக் கத்துவான்.

ஒரு ராத்திரி ஜார்ஜ்டவுனில் வாசித்துவிட்டு, சண்டை போட்டுக்கொண்டே பட்டர்வொர்த்துக்குத் திரும்பும் கடைசி ஃபெரியைக் கோட்டை விட்டோம். விடியும்வரை மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடை) தே தாரிக், அதாவது இழுத்து ஆற்றிய பால் தேநீர். எங்கள் பேஸ்காரர் மேசையைத் தட்டிக் காட்டினார்: ஃபங்கில் முதல் அடியில் எல்லோரும் சேர்ந்து இறங்க வேண்டும், அதன் பிறகு கிட்டார் கம்பியை அமுக்கி ‘சிக்கு சிக்கு’ என்று தட்டிவிட்டு ஒதுங்க வேண்டும். நான் ஒதுங்கும் இடம்தான் தட்டுக்காரனின் இடம். சப்பென்று இருக்குமே என்று அரைமணி நேரம் வாதாடினேன். மறுவாரம் ஒரே ஒரு பாட்டில் நான்கு சுற்று வாசிக்காமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அந்த நான்கு சுற்றுக்குத்தான் அன்று விசில் பறந்தது. வயிறு எரிந்தது, உண்மையைச் சொல்கிறேன்.

கிள்ளான் அண்ணன்:

நான் வெறும் ரசிகன். 2003-இல் மெர்டேக்கா அரங்கத்தில் லிங்கின் பார்க் என்ற அமெரிக்கக் குழு வந்தபோது போயிருந்தேன். அவர்கள் அரைக்கால் சட்டை போடக்கூடாது என்ற நிபந்தனையைப் பற்றித்தான் ஊரே பேசியது. நான் டர்ன்டேபிள்காரரின் கையைப் பார்க்கப் போனேன், முன்னால் நின்றவரின் முதுகைப் பார்த்துவிட்டு வந்தேன். தம்பி செந்தூல், அந்தக் கல் இன்னும் இருக்கிறதா?

செந்தூல்காரன்:

இருக்கிறது அண்ணே. அம்மாவின் கறிவேப்பிலைத் தொட்டிக்கு அடியில் கிடக்கிறது. தைப்பூசத்துக்கு வீட்டுக்கு வரும்போதெல்லாம் மாமா அதைத் திருப்பிக் கேட்கிறார்.