1 மீட்டர்ல 450 எடுத்தா டிவிஷன் 1 கிடைச்சிடுமா?

பலகைநுனி:
பக்கத்துத் திரியில ஒருத்தர் அடிச்சுச் சொல்றார்: அமெரிக்க ஹைஸ்கூல் டைவிங்ல, 1 மீட்டர் பலகையில 11 டைவுக்கு 450 மார்க் வந்தா டிவிஷன் 1 (காலேஜ் விளையாட்டுல மேல் அடுக்கு) கோச் தானா தேடி வருவாராம், 3 மீட்டர் ஏறவே வேண்டாமாம். பிள்ளைங்க இதை நம்பி ஏமாறக் கூடாது. 11ல 5 வாலண்டரி, அதாவது எளிய டைவ். அஞ்சுக்கும் சேர்த்து டிடி (கடின அளவு) 9.0 தாண்டக் கூடாது. நடுவர்கள் மார்க்ல மேல ஒண்ணு, கீழ ஒண்ணு கழிச்சு மிச்ச மூணு மார்க்கும் 7ன்னு வைங்க, 21 × 9.0 = 189. உங்க 450ல 189 எளிய டைவ்ல வந்தது!

குளத்தங்கரை:
அந்த ஒருத்தர் நான்தான், பேர் சொல்லியே எழுதியிருக்கலாம். எளிய டைவ்ல 7 வாங்கணும்னா ஹர்டில் (பலகை நுனிக்குப் போற கடைசித் துள்ளல்) ஆடாம நிக்கணும், என்ட்ரி செங்குத்தா இறங்கணும். கோச் பார்க்கிறது அதைத்தான். அமெரிக்காவோட கிறிஸ்டா பால்மர் 20 வயசுல டைவிங் ஆரம்பிச்சு டோக்கியோ ஒலிம்பிக்ல 3 மீட்டர் வெண்கலம் எடுத்தாங்க. மறந்துட்டீங்களா?

ரிவர்ஸ்305:
பால்மர் டிராம்போலின்ல இருந்து வந்தவங்க சார். காத்துல உடம்பு எங்க இருக்குன்னு அவங்களுக்கு முன்னாடியே தெரியும். அதை விட்டுட்டு வயசை மட்டும் தூக்கிட்டு வர்றீங்க.

3 மீட்டர்ல 305சியை எடுத்துக்குங்க: ரிவர்ஸ் (முன்னால பார்த்துக் குதிச்சு, பலகைப் பக்கமா பின்னாடி சுத்துறது) ரெண்டரை சுத்து, முழங்காலை மடக்கி; டிடி 2.8. முதல்ல 1 மீட்டர்ல 303சி, அதாவது அதே ரிவர்ஸ்ல ஒன்றரை சுத்து, சுத்தமா வரணும். அப்புறம் அதையே 3 மீட்டர்ல செஞ்சு, சீக்கிரம் விரிச்சு இறங்கப் பழகணும். அடுத்து பெல்ட் கட்டி டிராம்போலின்ல ரெண்டரை சுத்து. கடைசியாத்தான் தண்ணி, அதுவும் தண்ணியை மெத்துன்னு ஆக்குற குமிழி மெஷின் போட்டு. கை மேல போறதுக்கு முன்னாடி தலையைப் பின்னாடி எறிஞ்சா தோள் பலகைப் பக்கம் சாயும். 1988 சியோல் ஒலிம்பிக்ல அமெரிக்க சாம்பியன் லூகானிஸ் தலையே ரிவர்ஸ் ரெண்டரையில பலகையில இடிச்சது. இதையெல்லாம் காலேஜ் சேர்ந்த பிறகு முதல் வருஷத்துல கத்துக்கலாமா? 9.0க்குள்ள ஒளிஞ்சுக்கிட்டு இதைத் தள்ளிப் போட்டா பையனுக்குத்தான் நஷ்டம்.

குளத்தங்கரை:
9.0, 9.0ன்னு ஒரே பாட்டு. மிச்ச 6 ஆப்ஷனல் (டிடி வரம்பு இல்லாத டைவ்) உங்க கண்ணுல படலையா? 450ல 261 அங்கிருந்துதான் வருது.

ரிவர்ஸ்305:
படுது. ஆறும் 1 மீட்டர்லதானே? காலேஜ் சாம்பியன்ஷிப்ல 1 மீட்டர், 3 மீட்டர், பிளாட்ஃபார்ம் மூணும் இருக்கு, உங்க 9.0 மட்டும் இல்ல. பத்தாம் வகுப்பு முடிஞ்ச ஜூன் 15ல இருந்து டிவிஷன் 1 கோச் பேசலாம். அன்னிக்குக் கையில 3 மீட்டர் வீடியோ இருக்கணும்.

நீச்சலம்மா:
காசைப் பத்தியும் பேசுங்க. முன்னாடி ஆண்கள் அணிக்கு 9.9 ஸ்காலர்ஷிப், பெண்களுக்கு 14. அதையும் நீச்சல்காரங்களோட பங்கு போடணும். 2025-26ல இருந்து, புது ஏற்பாட்டுல சேர்ந்த டிவிஷன் 1 காலேஜ்கள்ல அந்த உச்சவரம்பு போயிடுச்சு, ஆள் எண்ணிக்கைக்குத்தான் வரம்பு. டிவிஷன் 3ல விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே கிடையாது.

குளத்தங்கரை:
அம்மா, அதுக்குத் தனித் திரி போடுங்க. ரிவர்ஸ் சார், போன சீசன்ல ஃபல்க்ரம் (பலகைக்கு அடியில நகர்த்துற தாங்கி) விஷயத்துலயும் இப்படித்தான் நின்னீங்க. ஒல்லிப் பையனை ஃபல்க்ரமை முழுசாப் பின்னாடி தள்ளச் சொன்னது யாரு?

ரிவர்ஸ்305:
முழுசான்னு நான் எழுதவே இல்ல. பின்னாடி தள்ளினா பலகை நெகிழும், மெதுவா எழும்பும். அவசரக்காரன் அது எழும்பறதுக்குள்ள குதிச்சுடுவான், உயரம் கிடைக்காது. "கொஞ்சம் கொஞ்சமா"ன்னுதான் எழுதினேன், போய்ப் படிங்க.

பலகைநுனி:
ஃபல்க்ரம் இருக்கட்டும். 189க்குப் பதில் எங்க?

குளத்தங்கரை:
சொல்லியாச்சு. வாலண்டரியில 7 வாங்குற பையன் எந்த உயரத்துலயும் வாங்குவான்.

ரிவர்ஸ்305:
3 மீட்டர்ல இருந்து தண்ணிக்குள்ள போற வேகமே வேற. 1 மீட்டர்ல மறையுற பிழை அங்க முதுகுல அறையும். 305சி வீடியோ ஒண்ணு போடுங்க, அப்புறம் பேசுவோம்.

குளத்தங்கரை:
நீங்க முதல்ல அந்த ஃபல்க்ரம் பதிவோட லிங்க்கைப் போடுங்க.